பெயர் வாணிகமும் பெயர்க் காவலும்

பெயர் என்பது ஒன்றை மற்றொன்றினின்று பிரித்து அறிதற்கு அமைந்த கருவி. அதனை ஒருவர் இடுகின்றனர், பலர் வழங்குகின்றனர். பலரும் வழங்குதலினாலேயே அது நிலைபெறுகின்றது. ஊரார் வழங்காத பெயர் ஏட்டில் எழுதப்பட்டிருப்பினும் உயிரற்றதேயாம். ஆகவே பெயரானது அதனைத் தாங்குவோன் ஒருவனுக்கே உரிய பொருளன்று. வழங்குவோர் அனைவரும் அதிற் பங்காளிகள் ஆவர். இவ்வாறு வழக்கினால் வாழ்வதாகிய பெயர், ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுவதையும், ஏலத்திற் கூறப்படுவதையும், கோடிக்கணக்கான டாலருக்குக் கைமாறுவதையும் நம் காலத்திற் காண்கின்றோம். இணையத்தில் டொமைன் பெயர் என்று சொல்லப்படும் தளப்பெயர்களின் வாணிகத்தையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

இப்பொருளைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. நாம் அங்கத்தினராயுள்ள வாசகசாலைச் சங்கம் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு தளப்பெயரை வழங்கி வந்தது. சங்கத்தின் காரியதரிசி மாறினார். கட்டணம் செலுத்தும்படி வந்த அறிவிப்புகள் பழைய காரியதரிசியின் அஞ்சற்பெட்டிக்கே சென்றன. அவரோ அதனைத் திறந்து பார்ப்பதை விட்டு நெடுநாளாயிற்று. தவணை கடந்தது, பெயர் பறிபோயிற்று. சின்னாளில் முன்பின் அறியாத ஒருவர் அதனைத் தம் பேரிற் பதிந்துகொண்டார். நூற்பட்டியலை நாடி அங்குச் சென்ற வாசகர்கள் சூதாட்ட விளம்பரங்களைக் கண்டு திகைத்தனர். பெயரைத் திருப்பித் தருமாறு கேட்டபோது, அவர் சொன்ன விலை சங்கத்தின் ஓராண்டு வருமானத்தினும் மிகுதியாயிருந்தது. ‘நம் பெயரை நமக்கே விற்கிறாரே’ என்று சங்கத்தார் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும், அப்பெயர் உண்மையில் நம்முடையதாக இருந்ததா? இவ்வினாவே இவ்வியாசத்திற்கு வித்தாயிற்று.

இதற்கு விடை காண விரும்புவோர், 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சிங்கப்பூரிற் கூடிய ஒரு மகாநாட்டின் வரலாற்றையும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் அறிதல் வேண்டும். அவற்றை அறிவதற்கு முன், தளப்பெயர் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருங்கக் காண்போம்.

1. தளப்பெயர் இயங்கும் முறை

இணையத்திற் சேர்ந்துள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணினால் அறிகின்றன. பழைய முறைப்படி அவ்வெண் நான்கு பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரையில் ஓர் எண்ணாயிருக்கும். பொறிக்கு எண் எளிது. மனிதர்க்குப் பெயரே எளிது. ஆதலின், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் ஓர் ஏற்பாடு வேண்டுவதாயிற்று. அதுவே தளப்பெயர் முறை.

தளப்பெயர் என்பது புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட சொற்களின் தொடர். கடிதத்தின் மேல்விலாசத்தைப் போல அதனைக் கடைசியிலிருந்து படித்தல் வேண்டும். அயல்நாட்டுக் கடிதம் ஒன்றைப் பிரிக்கும் அஞ்சல் நிலையத்தார் முதலில் நாட்டின் பெயரையும், பின்னர் ஊரையும், அதன் பின்னர்த் தெருவையும் பார்ப்பர். அவ்வாறே கணிப்பொறியும் பெயரின் இறுதியில் நிற்கும் ‘காம்’, ‘ஆர்க்’, ‘இன்’ என்பனவற்றை முதலில் நோக்குகின்றது. இவற்றை ஈற்றுப்பெயர் என்று வழங்குவோம். ஈற்றுப்பெயர்கள் அனைத்தையும், அவற்றிற்குரிய ஏடுகள் எங்கு உள்ளன என்பதையும் கொண்ட சிறு பட்டியல் ஒன்று உண்டு. அது வேர்ப்பட்டியல் எனப்படும். பதின்மூன்று பெயர்களையுடைய வேர்ப்பொறிகள் அதனை வைத்துக் காக்கின்றன. அவற்றைப் பன்னிரண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றின் படிகள் உலகெங்கும் பல நூற்றிடங்களில் நிறுவப்பட்டுள்ளன.

ஒருவர் டாட் ஆர்க் என்று முடியும் பெயரொன்றைத் தட்டியவுடன் அவர்தம் பொறிக்காக வினவும் துணைப்பொறி, முதலில் வேர்ப்பொறியை அணுகி, ‘ஆர்க்குக்கு உரிய ஏடு எங்கே?’ என்று கேட்கின்றது. அங்குப் பெற்ற விடையைக் கொண்டு ஆர்க் ஏட்டினரிடம் செல்கின்றது. அவர்கள் காட்டும் இடத்திற் சென்று இறுதியாக எண்ணைப் பெறுகின்றது. முன்னரே கேட்டறிந்த விடைகளைச் சிறிது காலம் நினைவில் வைத்திருப்பதும் உண்டு. இவையெல்லாம் இமைப்பொழுதில் நிகழ்கின்றன.

இங்கு மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டுவது ஒன்று. ஒரு பெயருக்கு இமயத்தின் அடியில் ஒரு விடையும் குமரிமுனையில் வேறு விடையும் கிடைக்குமாயின் பெயரினாற் பயனில்லை. எல்லாரும் ஒரே வேர்ப்பட்டியலை நம்புவதே பெயர்களின் மதிப்புக்கெல்லாம் காரணம். அப்பொது நம்பிக்கையை எவரும் விலைக்கு வாங்கவில்லை. எவரும் தனியே உண்டாக்கவும் இல்லை.

2. காவலர் காலம்

அமெரிக்க அரசினரின் பாதுகாப்புத் துறைப் பொருளுதவியால் 1969-ஆம் ஆண்டில் தோன்றிய அர்ப்பாநெட் என்னும் வலையே இணையத்திற்கு முன்னோடி. அதிற் சேர்ந்த பொறிகளின் பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியல் ஒன்று, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற் பேணப்பட்டு வந்தது. 1972 முதல் 1989 வரை அத்தொண்டுக்குத் தலைமை பூண்டவர் எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையார். புதிய பொறியைச் சேர்க்க விரும்புவோர் அவ்வலுவலகத்தாருக்கு எழுதினர், அல்லது தொலைபேசியிற் பேசினர். அவர்கள் பட்டியலைத் திருத்தி யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்தனர். பெயருக்கு விலை இல்லை.

பொறிகள் பெருகவே ஒரே பட்டியல் தாங்காதாயிற்று. 1983-ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பால் மோகபெட்ரிஸ் என்பவர், பட்டியலைக் கிளை கிளையாகப் பிரித்து, அந்தந்தக் கிளையை அந்தந்தப் பொறுப்பாளரே பேணும் முறையை வகுத்தார். மேலே யாம் விளக்கியது அம்முறையே. 1984-ஆம் ஆண்டில் அதே நிலையத்து ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரேனால்ட்ஸ் என்னும் இருவரும் ஈற்றுப்பெயர்களை வகுத்து எழுதினர். வணிகர்க்குக் காம், கல்விச் சாலைகட்கு எட்யு, ஏனைச் சங்கங்கட்கு ஆர்க் என்றாற்போல அவை அமைந்தன. நாடுகளுக்கு ஈரெழுத்துப் பெயர்கள் தரப்பட்டன. எது நாடு, எது நாடன்று என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பைத் தாம் ஏற்க விரும்பாத போஸ்டல், உலகத் தர நிர்ணய நிறுவனம் முன்னரே வகுத்திருந்த நாட்டுக் குறிகளை அப்படியே கையாண்டார். இது மிக்க விவேகமான செயல்.

போஸ்டல் 1994-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட குறிப்பு ஒன்று இத்துறையிற் பெரும் புகழ் பெற்றது. அதன் கருத்து இது: ஈற்றுப்பெயரைக் காக்க நியமிக்கப்பட்டவர் தர்மகர்த்தரே ஆவர்; அப்பெயர் குறித்து உரிமையையும் உடைமையையும் பேசுவது பொருந்தாது; பொறுப்பையும் தொண்டையும் பேசுவதே தகும். நம் நாட்டில் கோயில், சத்திரம், கலாசாலை ஆகியவற்றின் தர்மகர்த்தர் முறையை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சொத்து அவர் கையில் இருக்கும், அவருடையதாக இராது.

3. வாணிகம் புகுந்தமை

அக்குறிப்பு வெளிவந்து பதினெட்டுத் திங்கள் கழிந்த அளவில் நிலைமை மாறிற்று. 1993 முதல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் உடன்படிக்கைப்படி பெயர்களைப் பதிந்து வந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் கம்பெனி, 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திற் கட்டணம் வாங்கத் தொடங்கியது. முதல் ஈராண்டுக்கு 100 டாலர். பின்னர் ஆண்டுக்கு 50 டாலர். அதுவரை அரசினர் செலவில் நடந்த வேலை, பதிவோர் திரள் திரளாக வந்தமையால் அரசினர் தாங்கத் தகாததாயிற்று என்பது உண்மையே. ஆயினும் ஒரு கம்பெனியிடமே எல்லாப் பதிவும் குவிந்தமையால் அஃது ஏகபோகமாயிற்று. 2000-ஆம் ஆண்டில் வெரிசைன் என்னும் மற்றொரு கம்பெனி ஏறக்குறைய 2,100 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில், ‘வணிகம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு டாட் காம் சேர்ந்த பெயர் ஒன்று மட்டும் 75 லட்சம் டாலருக்கு விலை போயிற்று.

இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்துதற்கென 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் கலிபோர்னியாவில் ஐகான் என்னும் பொதுநலக் கழகம் நிறுவப்பட்டது. இணையப் பெயர்களையும் எண்களையும் ஒதுக்குவது அதன் பணி. அடுத்த மாதம் 16-ஆம் நாளிலேயே போஸ்டல் காலமானார். கழகம் முதலிற் செய்த சீர்திருத்தம், மொத்த வாணிகத்தையும் சில்லறை வாணிகத்தையும் பிரித்தது. ஓர் ஈற்றுப்பெயரின் ஏட்டைக் காப்பவர் பதிவகத்தார். மக்களிடம் கட்டணம் பெற்றுப் பெயரைப் பதிந்து தருபவர் பதிவாளர். ஒரு பதிவகத்தின்கீழ்ப் பல பதிவாளர்கள் போட்டியிட்டமையால் விலை குறைந்தது. பிறருடைய வாணிகப் பெயரைத் தீய நோக்கத்தோடு பதிந்து வைத்துக்கொண்டு பணம் கேட்போரை அடக்குதற்கு, 1999-ஆம் ஆண்டில் நடுவர் தீர்ப்பு முறை ஒன்றும் வகுக்கப்பட்டது.

இக்கழகம் ஆண்டுதோறும் உலகின் பல நகரங்களிற் பேரவை கூட்டுகின்றது. அரசினர், பதிவகத்தார், பதிவாளர், வாணிகப் பெயருடையோர், பொறியியல் வல்லுநர், பொதுமக்கள் ஆகிய யாவரும் கட்டணமின்றிக் கலந்துகொள்ளலாம். முதற் பேரவை 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் சிங்கப்பூரிற் கூடியது. பன்னிரண்டாண்டு கழித்து அதே நகரிற் கூடிய பேரவையே இத்துறையின் போக்கை மாற்றியது.

4. சிங்கப்பூர் மகாநாடு

அக்காலத்தில் நாட்டுப் பெயர்கள் நீங்கலாகப் பொதுவான ஈற்றுப்பெயர்கள் 22 மட்டுமே இருந்தன. அவற்றின் தொகையை அளவின்றிப் பெருக்கலாமா என்பது கேள்வி. 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, 2008-ஆம் ஆண்டு பாரிஸ் பேரவையிற் கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டது. நடைமுறை விதிகளை எழுதித் திருத்துவதில் மேலும் மூன்றாண்டு சென்றது.

பெருக்க வேண்டும் என்றோர் கூறிய நியாயங்கள் மூன்று. டாட் காமின்கீழ் நல்ல பெயர்கள் யாவும் முன்னரே பதியப்பட்டுவிட்டன. புதிதாய் வருவோர்க்கு இடமில்லை. பதிவகங்கள் பலவானால் ஏகபோகம் குறையும். உலகின் பல மொழியினரும் நகரத்தாரும் சமூகத்தாரும் தம் பெயரையே ஈற்றுப்பெயராகக் கொள்ளலாம்.

எதிர்த்தோர் நியாயங்களும் இலேசானவை அல்ல. ஒவ்வொரு புதிய ஈற்றுப்பெயரின்கீழும் தம் பெயரைப் பிறர் பதியாவண்ணம் தாமே பதிந்து காக்க வேண்டிய வீண் செலவு, வாணிக நிலையங்கட்கும் தரும ஸ்தாபனங்கட்கும் உண்டாகும். பெயர்கள் மிகுந்தால் மக்கள் மயங்குவர். மோசக்காரர்க்கு அது வாய்ப்பாகும். மேலும், மனுச் செய்வதற்கு மட்டும் 1,85,000 டாலர் கட்டணமும், பின்னர் ஆண்டுதோறும் 25,000 டாலரும் செலுத்த வேண்டுமெனின், ஏழை நாட்டவர்க்கு இக்கதவு திறந்தும் திறவாததேயாகும்.

1,000-க்கு மேற்பட்டோர் குழுமிய அப்பேரவையில், 2011-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் நிர்வாக சபையார் வாக்கெடுத்தனர். சார்பாக 13 வாக்குகள், எதிராக 1, வாக்களியாது ஒதுங்கியவர் இருவர். தீர்மானம் நிறைவேறிற்று. அவ்வாரத்தோடு பதவிக்காலம் முடிந்த சபைத்தலைவர், அடுத்த மாதமே புதிய ஈற்றுப்பெயர்களை வாணிகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தலைமைப் பதவி ஏற்றார். விதி எதனையும் அவர் மீறவில்லை. அவ்விதி அப்பொழுது இல்லை. ஆயினும் பலர் குறைகூறினர். அவ்வாண்டு டிசம்பரில், ஒரு புதிய ஈற்றுப்பெயருக்குச் சார்பாக வாக்களித்த சபையினர் குறித்த காலம் வரை அதனோடு வாணிகத் தொடர்பு கொள்ளலாகாது என்று கழகம் விதி செய்தது. தர்மகர்த்தர் எழுந்த இருக்கைக்கும் வாணிகர் அமர்ந்த இருக்கைக்கும் இடையே சிறிது தூரம் வேண்டும் என்பதை உலகம் இங்ஙனம் கற்றது.

5. விளைவுகள்

2012-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் மனுப்பெறத் தொடங்கினர். ஜூன் 13-ஆம் நாள் லண்டன் நகரில் மனுக்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. மனுக்களின் தொகை 1,930. கட்டணத்தோடு பெருக்கினால் 35 கோடி டாலருக்கு மேற்படும். மாணவர்கள் இத்தொகையை நாட்டுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது நன்று. வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய பசிபிக் நாடுகளிலிருந்து 303, தென் அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் சேர்ந்து 24, ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதிலிருந்தும் 17. எதிர்த்தோர் அஞ்சியபடியே ஆயிற்று. ஏழைகட்குக் கட்டணத்தை 47,000 டாலராகக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது. அதனை நாடியவர் மூவர், பெற்றவர் ஒருவர்.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் முதல் நான்கு பெயர்கள் வேர்ப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அரபியம், ஒன்று சீனம், இரண்டு ருஷிய எழுத்தில் அமைந்தவை. ஆங்கில எழுத்தல்லாதவற்றிற்கு முதலிடம் தந்தது பாராட்டத்தக்கது. ஒரே பெயரைப் பலர் விரும்பிய இடங்களில் ஏலம் நடைபெற்றது. 2015-இல் ‘ஆப்’ என்னும் பெயர் 2 கோடியே 50 லட்சம் டாலருக்கும், 2016-இல் ‘ஷாப்’ என்பது 4 கோடியே 15 லட்சம் டாலருக்கும், அதே ஆண்டில் ‘வெப்’ என்பது 13 கோடியே 50 லட்சம் டாலருக்கும் கூறப்பட்டன.

ஆறும் மலையும் நாடும் தாங்கிய பெயர்களைப் பற்றியும் வழக்குகள் எழுந்தன. படகோனியா என்பது ஆர்ஜென்டினாவிலும் சிலி நாட்டிலும் பரந்த நிலப்பகுதி. அது ஓர் ஆடைக் கம்பெனியின் பெயருமாகும். ஆர்ஜென்டினா அரசினர் மறுப்புக் கூறவே, 2013-இல் அக்கம்பெனி தன் மனுவைத் திருப்பிக்கொண்டது. அமேசான் என்னும் ஆற்றின் பெயரைப் பற்றியோ பிரேசில், பெரு முதலிய நாட்டினர்க்கும் அப்பெயருடைய கம்பெனிக்கும் நெடுநாள் பிணக்கு நிகழ்ந்தது. 2019-இல் ஐகான் கம்பெனியின் மனுவை மேற்செல்ல விட்டது. ஆற்றங்கரையில் வாழ்வோரும் கம்பெனியாரும் ஒரு பெயரையே வழங்குகின்றனர். வேர்ப்பட்டியலிலோ ஒருவர்க்கே இடம் உண்டு. விலையினால் மட்டும் தீர்க்கத் தகாத கேள்விகள் பெயருலகில் உண்டு என்பதற்கு இவை சான்று.

ஏகபோகம் குறைந்ததா? 2024-ஆம் ஆண்டின் இறுதியில் உலகிற் பதியப்பட்டிருந்த தளப்பெயர்கள் ஏறக்குறைய 36 கோடி. அவற்றுள் 15 கோடிக்கு மேற்பட்டவை டாட் காமையே ஈறாக உடையன. அதன் பதிவகத்தார் பதிவாளரிடம் பெறும் மொத்த விலை 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 10 டாலர் 26 சென்டாக உயர்ந்தது. ஆயிரம் புதிய கடைகள் திறந்தும், மக்கள் பழகிய கடைத்தெருவையே நாடினர். வழக்கே பெயரை வாழ்விக்கின்றது என்று தொடக்கத்திற் கூறியது இங்கும் பொருந்துகின்றது.

6. டாட் ஆர்க் பெற்ற சோதனை

தர்மகர்த்தர் முறைக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 2019-ஆம் ஆண்டில் வந்தது. ஆர்க் என்னும் ஈற்றுப்பெயரைப் பெரும்பாலும் தரும ஸ்தாபனங்களும், மருத்துவத் தொண்டர்களும், நூல்நிலையங்களும், சபைகளும் வழங்கி வருகின்றன. 2003-ஆம் ஆண்டு முதல் அதன் பதிவகத்தை நடத்துவது, இணையச் சங்கத்தின் ஆதரவில் நிறுவப்பட்ட, இலாபம் கருதாத ஒரு கழகம். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், ஆர்க் பெயர்களின் விலைக்கு இருந்த உச்சவரம்பை ஐகான் நீக்கியது. கருத்துரைத்தோர் 3,000-க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலார் எதிர்த்தும் பயனில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே, அப்பதிவகக் கழகத்தை ஈதாஸ் கேபிடல் என்னும் புதிய முதலீட்டுக் கம்பெனிக்கு விற்பதாக இணையச் சங்கம் அறிவித்தது. விலை 113 கோடியே 50 லட்சம் டாலர்.

விற்போர் கூறியதையும் நேர்மையாகச் சொல்லல் வேண்டும். அப்பெருநிதியை மூலதனமாக வைத்து, ஏழை நாடுகளில் இணையம் பரப்பும் தொண்டை என்றென்றும் நடத்தலாம் என்பது அவர்தம் எண்ணம். எண்ணம் நல்லதே. ஆயினும் அந்நிதி எங்கிருந்து வரும்? வாங்கியவர் தம் முதலையும் வட்டியையும் ஏறக்குறைய ஒரு கோடிப் பெயர்களின் ஆண்டுக் கட்டணத்திலிருந்தே எடுத்தாக வேண்டும். மேலும் இவ்வேற்பாட்டின்படி 36 கோடி டாலர்க் கடன் பதிவகத்தின் தலையில் ஏறுவதாயிருந்தது. ஒரு தருமத்திற்கு உதவும் பொருட்டுப் பல்லாயிரம் தருமங்களின் பெயரை ஈடு வைப்பதோ என்று மக்கள் கேட்டனர். 2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தரும ஸ்தாபனங்களைச் சேர்ந்தோர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐகான் அலுவலகத்தின் முன் கூடித் தம் மறுப்பைத் தெரிவித்தனர். ஏப்ரலிற் கலிபோர்னியா மாகாணத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, விற்பனையை அனுமதிக்கலாகாது என்று எழுதினார். ஏப்ரல் 30-ஆம் நாள் ஐகான் நிர்வாக சபை தன் இசைவை மறுத்தது. இலாபம் கருதாக் கழகம் ஒன்று பங்குதாரர்க்குக் கடமைப்பட்ட நிறுவனமாக மாறுவதும், கடன் பளுவும் மறுப்புக்குரிய காரணங்களாகக் காட்டப்பட்டன. ஆர்க் பழைய கழகத்தின் காவலிலேயே நிலைத்தது.

1994-இல் போஸ்டல் எழுதிய தர்மகர்த்தர் கொள்கை இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் மடியவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் அது தானே தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. பெயர் தாங்கியவர்கள் எழுந்து பேசியமையாற் காக்கப்பட்டது. விலை வரம்பு நீக்கப்பட்ட பொழுது அவர்கள் சொல் ஏறவில்லை; விற்பனையின் பொழுது ஏறிற்று. ஒருமுறை தோற்றதனால் வாயடைத்துப் போகாமையே பயன் தந்தது.

7. தமிழ் எழுத்தும் வேர்ப்பட்டியலும்

தமிழ் எழுத்து அப்பட்டியலிற் சேர்ந்த வரலாறும் நாம் அறியத்தக்கது. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆங்கில எழுத்தல்லாத ஈற்றுப்பெயர்கள் இயங்குமா என்று பார்ப்பதற்காகப் பதினொரு மொழிகளில் ஐகான் சோதனை நடத்தியது. அவற்றுள் தமிழும் ஒன்று. ‘உதாரணம்.பரிட்சை’ என்பது அப்போது வழங்கிய பெயர். 2009-ஆம் ஆண்டு சியோல் பேரவையில், நாட்டுப் பெயர்களை அவ்வந்நாட்டு எழுத்திலேயே வழங்க இசைவு தரப்பட்டது. அதன் பயனாக 2010, 2011-ஆம் ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் மூன்றும் தமிழ் எழுத்திலேயே ஈற்றுப்பெயர்களாயின. பொறிகளுக்குள்ளே அவை ஆங்கில எழுத்துக் குறியாக மாற்றப்பட்டே செல்கின்றன. படிப்போர் கண்ணுக்குத் தமிழே தோன்றும். ஆயினும் தமிழ்ப் பெயரோடு கூடிய மின்னஞ்சல் விலாசத்தை ஏற்காத விண்ணப்பத் தாள்கள் இன்னும் பல. பட்டியலில் இடம் கிடைத்தும் வழக்கில் இடம் முற்றக் கிடைக்கவில்லை. இக்குறையைத் தீர்ப்பது பெரும்பாலும் கணிப்பொறிச் செயல்முறைகளை எழுதுவோரிடம் உள்ளது. நம் மாணவர் பலர் அத்தொழிலுக்கே செல்கின்றனர் என்பதை நினைவூட்டுகின்றோம்.

முடிவுரை

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். வாசகசாலைச் சங்கத்தின் தளப்பெயர் சங்கத்தினுடையதாக இருந்ததா? இல்லை. தளப்பெயரை ஒருவர் ஒரே தடவையில் அதிகமாய்ப் பத்தாண்டுக்கே பதியலாம். என்றென்றைக்கும் வாங்குதல் என்பது எவர்க்கும் இல்லை. பின்னர் வந்து அதனைப் பதிந்தவர்க்கும் அஃது உடைமையன்று, அவரும் குத்தகைக்காரரே. பதிவாளரும் பதிவகத்தாரும் ஐகானுங்கூட அதன் உடையவர் ஆகார். எல்லாரும் நம்பி வழங்கும் ஒரு பொதுப்பட்டியலில் அவரவர்க்கு உரிய காவல் மட்டுமே உண்டு. காவலுக்குக் கூலி வாங்குவது குற்றமன்று. அக்கூலி நியாயமான வாணிகம். காவற்பொருளையே தன் பொருளென்று விற்கத் துணிவதுதான் குற்றம்.

நமக்கும் காவற்கடமை உண்டு. பெயரைத் தனி மனிதர் பேரிற் பதியாமற் சங்கத்தின் பேரிலேயே பதிதல் வேண்டும். தவணை நாளைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, ஆண்டுக் கூட்டத்திற் படித்தல் வேண்டும். பொதுப் பெயர்களுக்கான விதிப்படி தவணைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் அறிவிப்பு வரும். அது செல்லும் விலாசம் உயிருள்ளதாயிருத்தல் வேண்டும். தவணை தப்பினாலும், பெயர் நீக்கப்பட்ட பின்னர் முப்பது நாள் வரை மிகைக் கட்டணம் செலுத்தி மீட்க வழி உண்டு. அதனை அறியாமையாலேயே பலர் இழக்கின்றனர். நம் சங்கமும் அவ்வாறே இழந்தது.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், வேர்ப்பட்டியலின்மீது அமெரிக்க அரசினர்க்கு இருந்த மேற்பார்வை நீங்கியது. அதன் பின் முதன்முதலாகப் பேரவை கூடியது அவ்வாண்டு நவம்பரில், நம் நாட்டு ஐதராபாத்தில். புதிய ஈற்றுப்பெயர்களுக்கான அடுத்த சுற்று 2026-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும் என்றும், கட்டணம் 2,27,000 டாலர் என்றும், எளியோர்க்கு அதிற் பெரும்பகுதி குறைக்கப்படும் என்றும் கழகம் அறிவித்தது. பேரவைகளில் நேரிற் செல்ல இயலாதோர் இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம், பேசலாம். சென்ற சுற்றில் ஒரு கண்டத்திலிருந்து 17 மனுக்களே வந்த செய்தியை மறவாதிருப்போம். அவைக்கு வராதவர் பெயரையும் அவையே தீர்மானிக்கும்.

சங்கத்தார் பழைய பெயரை விலை கொடுத்து மீட்கவில்லை. புதிய பெயர் ஒன்றைச் சங்கத்தின் பேரிலேயே பதிந்து, வாசகர் ஒவ்வொருவர்க்கும் கடிதம் எழுதித் தெரிவித்தனர். ஓராண்டிற்குள் வாசகர்கள் புதிய பெயரை வழங்கப் பழகினர்; பழைய பெயரை நாடுவோர் இன்மையால், அதனைப் பிடித்து வைத்திருந்தவரும் அடுத்த தவணைக்குக் கட்டணம் செலுத்தாது விட்டுவிட்டார்.